பிரித்துப் பார்க்காத ஹோஸ்

எங்கள் வீட்டில் பிரஷர் குக்கர் சீறத் தொடங்கினால் நான் இப்போதும் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறேன். "உள்ள பருப்புத்தானுங்க வேகுது" என்று என் மனைவி அடுப்படியிலிருந்து சொல்வாள். பருப்பு என்பது எனக்கும் தெரியும். ஆனால் அழுத்தம் ஏறிய எதற்கும் நேர் எதிரே நிற்கக் கூடாது என்று சென்ற பங்குனியில் ஒரு தீயணைப்பு ஆபீசர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான் என்பது பத்தே நிமிடத்தில் எனக்கு ருசுவாயிற்று.

நான் பயந்தவன் என்று ஊரில் சொல்கிறார்கள். நான் அதை முன்யோசனை என்று சொல்லிக்கொள்வேன். எங்களுக்கு ஒரே மகள். அவள் நடக்கப் பழகியபோது வீட்டு மேசையின் நான்கு முனைகளிலும் பழந்துணி சுற்றிக் கட்டினேன். அவளுக்கு இருபத்தோரு வயது ஆன பிறகும் அந்தத் துணியை நான் அவிழ்க்கவில்லை.

இந்த முன்யோசனையால் அவளுக்கு வந்த இரண்டு வரன்கள் கைவிட்டுப் போயின. முதல் வரன் கொழிஞ்சாம்பாறைக்குத் தெற்கே ஒரு தோட்டக்காரர் வீடு. எல்லாரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "உங்க தோட்டத்துக் கெணத்துக்குச் சுவரு இருக்குதுங்களா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிணறுகள் குளம் போல அகலமானவை. தரையோடு தரையாக வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். சுவர் இல்லை என்றார் பையனின் அப்பா. எப்போது கட்டுவீர்கள் என்றேன். அவர்கள் ஊருக்குப் போய், "பொண்ணு குடுக்கறவரு மாப்பிள்ளையப் பாக்க வந்தாரா, கெணறு பாக்க வந்தாரா?" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்ற வண்டியின் பிரேக் பிடிக்கிறதா என்று நான் ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன். கம்பி அறுந்து கையோடு வந்துவிட்டது. வந்தவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவதாக எருத்தேன்பதியிலிருந்து ஒரு வரன் வந்தது. முதல் இரண்டு முறையும் யாருக்கோ வந்த விருந்தாளிகள் போல அடுப்படியில் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்த என் மகள், இந்த முறை, "நாள் எப்பப்பா?" என்று அவளாகவே கேட்டாள். அதிலிருந்தே எனக்குப் புரிந்துவிட்டது. மனைவிக்கு அதற்கு முன்பே புரிந்திருக்கிறது. அன்று மாலையே என்னை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சூடத்தைக் கொளுத்தினாள்.

"உப்புச்சக்கரை மாத்தற மட்டும் நீங்க அந்த ஊட்டுல ஒரு கேள்வி கேக்கப்படாது. எதையும் அமுக்கிப் பாக்கப்படாது, ஆட்டிப் பாக்கப்படாது, பிரிச்சுப் பாக்கப்படாது. அடிங்க சத்தியம்."

எங்கள் பக்கத்தில் இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால்தான் நிச்சயம் ஆனதாகக் கணக்கு. அதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. நான் சூடத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். சூடு உறைத்தது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வரவில்லையே என்று அப்போதே நினைத்தேன்.

நான் மலையாள எல்லைப் பக்கத்தில் ஒரு ஜின்னிங் மில்லில் ஸ்டோர் கீப்பர். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கிற இடம். கூரை, சுவர், சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றின் மேலும் பஞ்சு படிந்திருக்கும். ஒரு பீடித் துண்டு போதும், எல்லாம் போய்விடும். அதனால் ஒரு டீசல் பம்பும், ஒரு தண்ணீர்த் தொட்டியும், சுவரில் கண்ணாடி போட்ட சிவப்புப் பெட்டியில் இரண்டு ஹோஸ்களும் வைத்திருந்தார்கள். ஒன்று வெறும் கித்தான் துணியில் நெய்த பழைய ஹோஸ். தண்ணீர் விட்டால் முதலில் உடம்பெல்லாம் வேர்க்கும். நூல் ஊறிப் புடைத்த பிறகுதான் கசிவு அடங்கும். இன்னொன்று புதியது. வெளியே துணி, உள்ளே ரப்பர், சொட்டுக் கசியாது. இரண்டின் இரு நுனிகளிலும் கப்ளிங் என்கிற பித்தளை இணைப்பு வளையம். இவை போக, தொட்டியிலிருந்து பம்புக்குத் தண்ணீரை உறிஞ்ச உள்ளே கம்பிச் சுருள் வைத்த விறைப்பான குழாய் ஒன்று உண்டு.

சனிக்கிழமைதோறும் நான் இரண்டு ஹோஸ்களையும் எடுத்துப் பிரித்து, தடவிப் பார்த்து, போன வாரம் மடிந்த இடத்தில் இந்த வாரம் மடியாமல் மாற்றிச் சுருட்டி வைப்பேன். ஒரே இடத்தில் மடிந்து கிடந்தால் ரப்பர் வெடித்துவிடும். மில்லில் இதைக் கேலி செய்வார்கள். "ஸ்டோர்க்காரரு கொழந்தயக் குளிப்பாட்டறாரு" என்பார் மில்லின் எஞ்சினையும் பம்பையும் ஓட்டும் எஞ்சின் டிரைவர்.

மாசிக் கடைசியில் எருத்தேன்பதிச் சம்பந்தி, அதாவது சம்பந்தி ஆகப் போகிறவர், ஏதோ வேலையாக வந்தவர் மில்லுக்குள் எட்டிப் பார்த்தார். ஆறடி ஆள், சிரித்தால் தோள்கள் குலுங்கும். சிவப்புப் பெட்டியின் முன்னால் நின்றுவிட்டார்.

"ஏனுங்க சம்மந்தி, இது சும்மாதான தொங்குது?"

"ஆமாங்க. தீப்புடிச்சாத்தான் எடுக்கறது."

"நம்ம தோட்டத்துல நூறு தென்னங்கண்ணு வெச்சிருக்குதுங்க. பம்புசெட்டுல இருந்து கடைசி வரிசைக்குத் தண்ணி எட்டறதில்ல. ஒரு மழை பெய்யற வரைக்கும் இதக் குடுத்தீங்கன்னா..."

வேறு யாராவது கேட்டிருந்தால் நான் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். எத்தனை நாளைக்கு? எதன் மேல் இழுப்பீர்கள்? யார் சுருட்டுவார்கள்? எப்போது திரும்பி வரும்? எல்லாமே கேள்விகள். சூடத்தின் சூடு உள்ளங்கையில் இன்னும் இருந்தது. நான் பெட்டியைத் திறந்து புது ஹோஸை எடுத்துக் கொடுத்தேன். அது இருந்த இடத்தில் ஒரு பழைய சாக்கைச் சுருட்டி வைத்துக் கண்ணாடியைச் சாத்தினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே திருட்டு வேலை அதுதான்.

மழை பெய்யவில்லை. பங்குனி பிறந்ததும் கடிதம் வந்தது: அடுத்த வியாழக்கிழமை தீயணைப்பு நிலையத்து ஆபீசர் வந்து சாமான்களைப் பார்வையிடுவார், மில் ஆட்களுக்கு ஹோஸ் பிடிக்கவும் கற்றுத் தருவார். கடிதத்தோடு பத்து விதிகள் எழுதிய ஒரு தாளும் வந்தது. அதைச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். என் மகள் தட்டச்சில் பாஸ் செய்தவள். மில் ஆபீசில் வேலை மிகுந்தால் அவளைக் கூப்பிடுவார்கள். மானேஜர் அந்தத் தாளை அவளிடம் கொடுத்தார். அவள் கார்பன் வைத்து நான்கு பிரதி அடித்து, பிழை பார்க்க வீட்டில் உரக்கப் படித்தாள்.

"தண்ணீர் திறக்கும் முன் ஹோஸில் முறுக்கு இல்லாமல் பார்க்கவும். ஹோஸின் வளையத்துக்குள் நிற்க வேண்டாம். அதன் மேல் வண்டி ஏற்ற வேண்டாம். கூரான கல்லின் மேல் இழுக்க வேண்டாம். ஈரத்தோடு சுருட்ட வேண்டாம்..."

ஒவ்வொரு 'வேண்டாம்' வரும்போதும் எருத்தேன்பதியில் அது நடந்துகொண்டிருப்பது என் கண்ணில் தெரிந்தது.

அந்த வாரத்தில் மூன்று முறை எருத்தேன்பதிக்குப் பஸ் ஏறினேன். கேட்கக் கூடாது; அவராகக் கொடுக்க வேண்டும். முதல் நாள், "சும்மா இந்தப் பக்கம் வந்தேனுங்க" என்றேன். இலை போட்டுச் சோறு வைத்தார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் தோட்டம் பார்க்க அழைத்துப்போனார். என் ஹோஸ் கரட்டுக் கல்லின் மேல் வளைந்து வளைந்து கிடந்தது. கிழிந்த இரண்டு இடங்களில் புடவைத் துண்டால் கட்டுப் போட்டிருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எருவண்டி ஒன்று அதன் மேல் ஏறி இறங்கியது. என் நெஞ்சின் மேல் ஏறியது போல இருந்தது.

"வெயிலு எச்சாத்தானுங்க இருக்குது" என்றேன். அது கேள்வி இல்லை.

"அத ஏங்க கேக்கறீங்க! உங்க ஹோசு மட்டும் இல்லீன்னா இந்தக் கண்ணெல்லாம் கருகிப் போயிருக்குமுங்க" என்று என் முதுகில் அன்பாக ஒன்று வைத்தார்.

மூன்றாம் நாள் துணிந்துவிட்டேன். "வர்ற வியாழக்கிழம மில்லுக்குத் தீயணைப்பு ஆபீசர் வர்றாருங்க. ஹோஸெல்லாம் பாக்கறாருங்களாமா."

"அப்பிடீங்களா? நல்லதுங்க. மோரு குடிங்க."

மோர்ச் செம்பை எடுத்தார். செம்பு ஆடாமல் இருக்க அடியில் ஒரு பிரிமணை. வழக்கமான வைக்கோல் பிரிமணை இல்லை. பளபளவென்று புளி போட்டுத் துலக்கிய பித்தளை. என் ஹோஸின் கப்ளிங். பம்புசெட்டின் வாயில் பொருந்தவில்லை என்று கழற்றி, வீணாகப் போகக் கூடாதென்று அடுப்படிக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான் மோரை வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "கேட்டீங்களாப்பா?"

"சொன்னேன் அம்மிணி."

"சொன்னா அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான் வேணா மில்லு பேருல ஒரு லெட்டர் அடிக்கட்டுங்களா?"

"உன்ற மாமனாருக்கா!" என்று அவள் அம்மா உள்ளிருந்து கத்தினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆனால் புதன்கிழமை சாயங்காலம் எங்கள் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. சம்பந்தி இறங்கினார். ஹோஸைச் சீயக்காய் போட்டுக் கழுவி, இறுக்கமாகச் சுருட்டி, புதுக் கயிற்றால் கட்டி, நடுவில் குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்.

"ஆபீசர் வர்றாருன்னு நீங்க சொல்லிப்போட்டுப் போன பொறவுதானுங்க எனக்கு உறைச்சுது. கப்ளிங்க நானே மறுக்கா மாட்டிப்போட்டேனுங்க. பிரிச்சுப் பாத்துக்குங்க."

அவரே சொன்னார்: பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. என் பத்து விரல்களும் துடித்தன. கதவருகே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"அட, என்னங்க நீங்க! சம்மந்தி குடுத்ததப் பிரிச்சுப் பாக்கறதுங்களா?" என்றேன்.

அவர் மகிழ்ந்து போனார். மனைவியும் மகிழ்ந்து போனாள். நான் அந்தச் சுருளை அப்படியே கொண்டுபோய், சாக்கை எடுத்துவிட்டுச் சிவப்புப் பெட்டியில் வைத்தேன். அடியில் ஈரம் பிசுபிசுத்தது. நாளைக் காலை பிரிக்கலாம் என்று நினைத்தேன். காலையில் மில் வாசலுக்குப் போனால், எனக்கு முன்பே சம்பந்தி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணெதிரே எப்படிப் பிரிப்பது?

ஆபீசர் ஜீப்பில் வந்தார். மீசையும் காக்கியும் கஞ்சி போட்டது போல நின்றன. மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். நடுவில் எந்த மொழி என்று அவருக்கே தெரியாது. வேலைக்காரர்களை வட்டமாக நிறுத்தி, தரையில் விரித்த பழைய கித்தான் ஹோஸைக் காட்டினார்.

"நோக்கிக்கோ. இப்போ இது துணி. வெள்ளம் வந்நால் துணியல்ல, ஆனையாணு. ஆனையை ஒராள் பிடிக்குமோ? இல்ல. ரெண்டாள் வேணும்."

ஹோஸின் நுனியில் மாட்டும் நீளமான பித்தளைக் குழலை பிராஞ்ச் என்றார். முன்னால் நிற்பவன் அதைக் கக்கத்தில் இடுக்கி, இடது காலை முன்வைத்து நிற்க வேண்டும். பின்னால் நிற்பவன் ஹோஸைப் பிடித்து, தன் உடம்பை முன்னால் இருப்பவனின் முதுகில் முட்டுக் கொடுக்க வேண்டும். பம்புக்காரன் வால்வை "பதுக்கெ, பதுக்கெ", அதாவது மெல்ல மெல்லத் திறக்க வேண்டும். பம்பை விட்டு அங்கே இங்கே நகரக் கூடாது. அழுத்தம் ஏறிய எதற்கும் நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது. என்ன ஆனாலும் ஹோஸை விடக் கூடாது. தப்பித் தவறி அது கையை விட்டுப் போய்விட்டால் துரத்தக் கூடாது. ஓடிப்போய்த் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

"ஸ்டோர் கீப்பர் யாரு? நிங்கள் முன்னில் நிக்கூ. பின்னில்?"

"நா நிக்கறனுங்க" என்று சம்பந்தி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய தோள்களைப் பார்த்ததும் ஆபீசருக்குப் பிடித்துவிட்டது.

இரண்டு ஹோஸ்களையும் இணைத்தார்கள். பம்புப் பக்கம் பழைய கித்தான். பிராஞ்ச் பக்கம் என் புதிய ஹோஸ். அது விரிந்தபோதுதான் நான் நுனியைப் பார்த்தேன். கப்ளிங்கைச் சுற்றி இறுகக் கட்டியிருக்க வேண்டிய செம்புக் கம்பியைக் காணோம். அங்கே தேங்காய் நார்க் கயிறு, பசுமாட்டைத் தறியில் கட்டும் முடிச்சு. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். என் முதுகில் சம்பந்தியின் மார்பு முட்டியது.

"பயப்படாதீங்க சம்மந்தி, நானிருக்கறன்" என்றார் காதருகில்.

இப்போது எப்படி அதைச் சொல்வது?

முற்றத்து நடுவில் கழிவுப் பஞ்சைக் குவித்துக் கொளுத்தினார்கள். ஆபீசர் கையைக் காட்டினார். எஞ்சின் டிரைவர் வால்வைத் திறந்தார். முதலில் கித்தான் ஹோஸ் வேர்த்தது, பிறகு புடைத்தது. பிறகு என் ஹோஸ் நெளிந்து எழுந்தது. புடவைக் கட்டுகள் இரண்டும் தண்ணீரைப் பீய்ச்சின. பிராஞ்ச் என் கக்கத்தில் உதறியது. தண்ணீர் பாய்ந்து மில் சுவரில் அடித்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எஞ்சின் டிரைவரும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று பம்பை விட்டு முன்னால் வந்துவிட்டார்.

அப்போது பசுமாட்டு முடிச்சு அவிழ்ந்தது.

என் கையில் பிராஞ்ச் இருந்தது, கப்ளிங்கும் இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. எதிரே பஞ்சு எரிந்துகொண்டிருந்தது. பின்னால் என் முதுகைத் தாங்கியிருந்த மார்பைக் காணோம். திரும்பினேன். சம்பந்தி தலையில்லாத ஹோஸைக் கட்டிப்பிடித்தபடி முற்றத்தில் வழுக்கிக்கொண்டு போனார். அது அவரை இடப்பக்கம் இழுத்தது, வலப்பக்கம் இழுத்தது, ஒருமுறை தூக்கி வைத்தது.

"உட்டுருங்க!" என்று நான் கத்தினேன்.

"உடப்படாதுன்னு சொல்லிப்போட்டாருங்களே!" என்று அவர் கத்தினார்.

மூன்றாவது சுற்றில் அவர் வேட்டி அவரை விட்டது. அவர் வேட்டியைப் பிடித்தார், ஹோஸை விட்டார். அது ஆளுயரத்துக்கு எழுந்து நின்று, ஒரு கணம் யோசித்து, ஆபீசரின் தொப்பியை எடுத்துக்கொண்டு போய், எரியும் பஞ்சை நொடியில் அணைத்து, ஆபீஸ் தாழ்வாரத்தை ஓங்கி அறைந்தது. அங்கே விதித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மகள் நின்றிருந்தாள்.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. விதியெல்லாம் மறந்துபோய், பிராஞ்சைத் தூக்கிக்கொண்டு, பாம்படிக்கப் போகிறவன் போல ஹோஸைத் துரத்தினேன். எனக்குப் பின்னால் எஞ்சின் டிரைவர் துரத்தினார். அவருக்குப் பின்னால் மில்லே துரத்தியது. ஆபீசர், "ஓடண்டா! ஓடண்டா!" என்று, ஓட வேண்டாம் என்பதை மலையாளத்தில் கத்திக்கொண்டு தானும் ஓடினார்.

திடீரென்று ஹோஸ் மூச்சை விட்டுத் தரையில் விழுந்தது. மறுபடி துணியாகிவிட்டது.

பம்பருகே என் மகள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளும் வால்வின் மேல் இருந்தன. மில்லில் அவள் ஒருத்திதான் ஹோஸை நோக்கி ஓடாமல் பம்பை நோக்கி ஓடியவள். அவள் நின்றிருந்த தாழ்வாரத்தைப் பார்த்தேன். அங்கே அவளுடைய செருப்பு ஒன்று கிடந்தது. செருப்பின் மேல் கூரையிலிருந்து பெயர்ந்த ஓடுகள் இரண்டு உடைந்து கிடந்தன.

மற்றதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்வேன். அந்தச் செருப்பிடம் வரும்போது மட்டும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

ஆபீசர் சொட்டச் சொட்ட நடந்து வந்து, என் கையிலிருந்த கப்ளிங்கில் தொங்கிய நாரை இரண்டு விரலால் எடுத்தார்.

"இந்தக் கயிறு ஏது கம்பெனி?"

"நம்ம தோட்டத்துத் தென்ன மரமுங்க" என்றார் சம்பந்தி, சேறோடு, வேட்டியைச் செருகிக்கொண்டே.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "நிங்கள் இது பிரிச்சு நோக்கியில்லே?"

வரன் போனால் போகட்டும் என்று தோன்றியது. போனால் மகள் அழுவாள். ஆனால் அழுவதற்கு அவள் இருக்கிறாளே. நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஹோஸை இரவல் கொடுத்தது, சாக்கை வைத்தது, எருவண்டி, பிரிமணை, நேற்றுப் பிரித்துப் பார்க்காதது, காரணம் சூடத்தில் அடித்த சத்தியம் என்பது வரை, சம்பந்தியின் முகத்தைப் பார்க்காமல், மானேஜரின் முகத்தையும் பார்க்காமல் சொன்னேன்.

பிறகு சம்பந்தியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின.

"சத்தியமுங்களா! அட சாமி! எங்கூட்டுல ஒரு வாரமா இதே பேச்சுத்தானுங்க. இந்த மனுசன் மூணுக்கா வந்துட்டாரு, பையனப் பத்தி ஒரு வார்த்த கேக்கலியே, காடு தோட்டம் ஒண்ணும் விசாரிக்கலியே, பொண்ணு மேல அக்கறையில்லாத அப்பனாட்ட இருக்குது, இந்த எடம் நமக்கு வேண்டாம்னு எங்கூட்டுக்காரி ஒத்தக் கால்ல நிக்கறாளுங்க. நாந்தான் சமாதானம் சொல்லி வெச்சிருக்கறன்!"

நான் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கேளுங்க சம்மந்தி. இப்பக் கேளுங்க. எல்லாத்தையும் கேட்டுப்போடுங்க."

ஒரு மாதமாக அடைத்து வைத்தது. எங்கே தொடங்குவது என்று கூடத் தெரியவில்லை. பம்பருகே நின்ற மகளைப் பார்த்தேன். ஒரு காலில் மட்டும் செருப்போடு, வேண்டாம் என்பது போல மெல்லத் தலையாட்டினாள். ஆனாலும் வந்துவிட்டது.

"உங்க தோட்டத்துக் கெணத்துக்குச் சுவரு இருக்குதுங்களா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். உடைந்து கிடந்த ஓடுகளைப் பார்த்தார். அவற்றின் அடியில் இருந்த செருப்பைப் பார்த்தார்.

"இல்லீங்க" என்றார். "கட்டிப்போடலாமுங்க."

ஆபீசர் புது ஹோஸ் வாங்க ஒரு மாதம் கெடு கொடுத்தார். மானேஜர் என்னை அரைமணி நேரம் திட்டினார். நடுவில் இரண்டு முறை, சம்பந்தி வழுக்கிப் போனதை நினைத்துச் சிரித்துவிட்டதால் திட்டு வலுவிழந்தது. சிவப்புப் பெட்டியின் சாவியை என்னிடமே விட்டுவைத்தார். இனி அந்த ஹோஸுக்கு என்னைவிட அதிகம் பயப்படுகிறவன் யாரும் கிடைக்க மாட்டான் என்றார்.

வைகாசியில் உப்பும் சர்க்கரையும் மாற்ற எருத்தேன்பதிக்குப் போனோம். மற்றவர்கள் வீட்டுக்குள் போக, நான் மட்டும் நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்குப் புதுச் சுவர் நின்றது. சுண்ணாம்பு வாடை இன்னும் போகவில்லை. இரண்டு கையையும் வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

"ஏனுங்க, எல்லாரும் காத்துட்டிருக்கறாங்க!" என்று மனைவி வரப்பிலிருந்து கூப்பிட்டாள்.

"இதோ வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கமும் போய் ஒருமுறை ஆட்டிப் பார்த்தேன்.